புதுப்பிப்பு: வயலின் கச்சேரிப் பதிவில் விழுந்த உறுமல் நின்றுவிட்டது

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கச்சேரியை மிக்சரிலிருந்து ரெக்கார்டருக்கு எடுத்தால் ‘ம்ம்ம்’ என்று உறுமல் விழுகிறது எனக் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, ரெக்கார்டரை பேட்டரியில் ஓட்டச் சொன்ன யோசனை. மிக்சரும் சார்ஜரும் வேறுவேறு பிளக்கில் இருந்ததால் எர்த் லூப், அதாவது இரண்டு எர்த் இணைப்புகளும் ஆடியோ கேபிள் வழியே வளையமாகி உறுமல் உண்டானது. சார்ஜரை உருவியதும் சத்தம் நின்றது. கரண்டில்தான் ஓட்ட வேண்டும் என்றால் மிக்சருக்கும் ரெக்கார்டருக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (இரண்டின் எர்த்தையும் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் சிறு பெட்டி) வையுங்கள்; எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள், ஆபத்து.

பழைய பதிவை நாட்ச் ஃபில்டரில் (குறிப்பிட்ட ஒரு அலைவரிசையை மட்டும் வெட்டுவது) சுத்தம் செய்வோருக்கு: கரண்ட் உறுமல் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் விழும்; 50, 100 ஹெர்ட்ஸை வெட்டலாம். 150-இல் கை வைக்காதீர்கள். இரண்டு கட்டை சுருதியில் (மேற்கத்திய D) மந்தர ஸட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி ‘ஸ’, ஏறக்குறைய 147 ஹெர்ட்ஸ். கீழ்த்தந்தியின் கனமே போய்விடும்.

எதிர்பாராதது, உறுமல் போனபின் மின்விசிறிக் காற்று மைக்கில் மோதுவது கேட்டது. வயலின் மைக்குக்கு மட்டும் 80 ஹெர்ட்ஸ் லோ கட் (அதற்குக் கீழான ஒலியைக் குறைப்பது) போதும். மிருதங்க மைக்கில் போட்டால் தொப்பி (இடப்பக்கத்தின் கனத்த ஒலி) மெலிந்துவிடும்.