மெல்லிய பிளாஸ்டிக் படலம் (பிலிம்) செய்தவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள் (திருகோணமலைப் பக்கம்)

நிலாவெளி:
பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை டொலுயீன் என்ற கரைப்பானில் கரைத்து, கண்ணாடித் துண்டில் விட்டுச் சுழற்றிப் படலம் எடுப்பது தெரியும்தானே. ஓரத்தைப் பிளேட்டால் கீறி, சரிவாகத் தண்ணீருக்குள் இறக்கினேன். கழன்று மிதந்தது. தடிப்பு 100 நனோமீற்றருக்கும் குறைவு, கிட்டத்தட்ட கண்ணுக்கே தெரியாது. ஊசி முனையால் ஒரு துளி தண்ணீரை அதன்மேல் வைத்தேன். உடனே துளியைச் சுற்றி, சைக்கிள் சில்லின் கம்பிகள் மாதிரி, எல்லாப் பக்கமும் சுருக்கங்கள் ஓடின! 2007இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக (ஆம்ஹெர்ஸ்ட்) ஆய்வாளர்கள் எழுதியதுதான்: சுருக்கங்களை எண்ணி நீளத்தை அளந்தால் படலத்தின் தடிப்பும் விறைப்பும் கிடைக்கும். வாசித்திருந்தேன். ஆனால் ஒரு துளி அப்படி இழுக்கிறதைக் கண்ணால் பார்த்தபிறகு வேறொன்றும் ஓடவில்லை.

உப்புவெளி:
தங்கச்சி, நாங்க பொலித்தீன் ஊதுற ஆக்கள். தடிப்பு 20 மைக்ரோனை (ஒரு மைக்ரோன் 1000 நனோமீற்றர்) தாண்டினால்தான் சட்டம் விடும், 2007இலிருந்து அப்படி. அதுக்குக் கொஞ்சம் மேல போறதே எங்களுக்கு மெல்லிசு. ஒரு ஆடி மாசம் கச்சான் காற்று அடிக்கிற நேரம் யாரோ பின்கதவைத் திறந்துவிட்டாங்க. உருகின பொலித்தீனைக் காற்றால ஊதி எழுப்பின, ஆளுயரத்துக்கு மேல நின்ற குமிழி சாய்ந்தது. உருகினது இறுகுற இடத்தில ஒரு மங்கல் வளையம் தெரியும், அது மட்டமா நிக்கவேணும். கோணலா ஏறிச்சு. கிழிஞ்சிருந்தா நிப்பாட்டியிருப்பம். கிழியேல்ல, றோல் சுத்திக்கொண்டே போச்சு, ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் ஒண்டுமில்லை. அந்தச் சாய்வு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

சாம்பல்தீவு:
அண்ணன், கதவில பழி போடாதீங்க. எயார் ரிங்கில (குமிழியைச் சுற்றிக் குளிர்காற்று ஊதுற வளையம்) ஒரு பக்கம் அடைச்சிருந்தாலும், உருகினது வெளிய வாற டை இடைவெளி சரியில்லாட்டியும் அதே கோணல்தான் வரும். என்னுடையது சின்னக் கதை: மார்கழி வாடைக் காற்றில, குளோரோபோமில கரைச்ச பிளாஸ்டிக் கரைசல் ஊற்றினேன், காயும்போதே வெள்ளையா மங்கிப்போச்சு. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், ஈரம் அதில படியும்.
தங்கச்சிக்குச் சொல்றன்: கண்ணாடியை விட புதுசாப் பிளந்த மைக்காவில (ஏடு ஏடாப் பிரியிற கனிமம்) படலம் லேசாக் கழலும். கரைசலை வடிகட்டித்தான் சுழற்றவேணும், ஒரு தூசி இருந்தாலும் அதிலிருந்து கோடு இழுக்கும். மிதக்கவிடும்போது ஃபேனை நிப்பாட்டுங்க. எடுக்கிறதெண்டா கம்பி வளையத்தைத் தண்ணிக்குள்ள இருந்து மேல கொண்டுவாங்க. டொலுயீன் ஆவியைச் சுவாசிக்கவே வேண்டாம், ஆவி உறிஞ்சி பூட்டின மேசையில மட்டும் செய்யுங்க.

உப்புவெளி:
எயார் ரிங்கை அண்டைக்குக் காலையிலதான் கழற்றித் துடைச்சது, தம்பி. கதவைச் சாத்தினதும் வளையம் மட்டத்துக்கு வந்திட்டுது. கச்சான்தான்.