வாழ்நாள் முழுக்கச் சைவம். பிறகு ஏன் பி12 ஊசி?

குமரிக்கடல்:
என் அப்பாவுக்கு 68 வயது. முட்டைகூடத் தொட்டதில்லை. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதையும் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. போன மார்கழியில் கடைத்தெருவுக்குப் போனவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு திரும்பி வந்தார். மற்றது வழியில் கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. பாதம் அவ்வளவு மரத்துப்போயிருந்தது. ரத்தப் பரிசோதனையில், நரம்புகளுக்குத் தேவையான வைட்டமின் பி12 அடிமட்டத்தில் இருந்தது. இப்போது ஊசி போடுகிறோம்.

சைவம் என்றாலே ஆரோக்கியம் என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். கீரையிலும் பருப்பிலும் பி12 கிடையாது. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இயற்கையாக இருக்கிறது. பிரிட்டனில் 48,000 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த எபிக்-ஆக்ஸ்ஃபர்டு ஆய்வில் (2019) சைவர்களுக்குப் பக்கவாதம் 20 சதவீதம் அதிகம் என்று வந்தது. இதை யாரும் பேசுவதில்லை.

வைகைக்கரையாள்:
தம்பி, அப்பாவுக்கு நேர்ந்தது வருத்தமாக இருக்கிறது. பி12 பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் ஆய்வில் பாதியை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். அதே ஆய்வில் சைவர்களுக்கு மாரடைப்பு வகை இதயநோய் 22 சதவீதம் குறைவு. ஆயிரம் பேரைப் பத்தாண்டு பார்த்தால் இதயநோய் பத்துப் பேருக்குக் குறைகிறது, பக்கவாதம் மூன்று பேருக்குக் கூடுகிறது. எது பெரிது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நான் முப்பது வருடம் அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தவள். பெருங்குடல் புற்றுநோய்க்காரர்களுக்கு வயிற்றில் பொருத்திய மலப்பையை மாற்றிய கை இது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் அந்த நோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. பி12 குறைவுக்கு மாத்திரை இருக்கிறது. அந்த நோய்க்கு அப்படி எளிய மாற்று எதுவும் கிடையாது.

குமரிக்கடல்:
அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த அறிவிப்பு சாசேஜ், பேக்கன், ஹாம் பற்றியது. எங்கள் வீட்டு மீன்குழம்பையும் நாட்டுக்கோழியையும் அதில் எப்படிச் சேர்ப்பீர்கள்? ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சியை ‘பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கலாம்’ என்ற அடுத்த படியில்தான் வைத்தார்கள். மீனையும் கோழியையும் அந்தக் குழு எடுத்துக்கொள்ளவே இல்லை. 18 சதவீதம் என்பதும் நூற்றில் ஐந்து பேருக்கு வருவது ஆறு பேராவதுதான். இருபத்து மூன்று பேராவதில்லை.

இரும்புச்சத்தையும் பாருங்கள். இறைச்சியில் உள்ளதை உடல் எளிதாக உறிஞ்சும், கீரையில் உள்ளதை அப்படி உறிஞ்சாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது.

வைகைக்கரையாள்:
அந்தப் பெண்களில் பெரும்பாலோர் அசைவக் குடும்பத்தவர்கள், தம்பி! தமிழ்நாட்டில் சைவர்கள் மிகச் சிறிய கூட்டம். கறி வாங்கும் வீடுகளிலும் ரத்தசோகை இருக்கிறது. ஏன்? கறி எல்லோர் தட்டிலும் விழுந்து முடிந்த பிறகு, சட்டியின் அடியில் ஒட்டிய மசாலாவோடு சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறவள் அந்த வீட்டுப் பெண். என் அம்மா அப்படித்தான் சாப்பிட்டாள். ‘கறி சாப்பிடுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் அந்தத் துண்டு அவள் தட்டுக்கு வந்துவிடாது. இரும்புச்சத்து உடலில் சேரக் கீரையில் எலுமிச்சை பிழிவது, சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் இருப்பது, இவற்றை அவள் நாளைக்கே செய்யலாம்.

காவிரிப்படுகை:
இருவரும் சோற்றை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். நான் சைவம், வயது 61, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஒரு நாள் என் மதியத் தட்டைத் தராசில் வைத்துப் பார்த்தேன். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை வாங்கிய சோறு 420 கிராம். பக்கத்தில் அவரைக்காய்க் கூட்டு 60 கிராம். இதைக் ‘காய்கறி உணவு’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்! பக்கத்து வீட்டு அசைவக்காரர் தட்டும் இதே மாதிரிதான். கூட்டுக்குப் பதில் இரண்டு துண்டு கறி, அவ்வளவுதான் வித்தியாசம். அவருக்கும் சர்க்கரை.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம். மொத்தக் கலோரியில் தானியம் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று ஐசிஎம்ஆர் உணவு வழிகாட்டி (2024) சொல்கிறது. நம்மில் யார் அப்படிச் சாப்பிடுகிறோம்?

இப்போது சாம்பாருக்கு மட்டும் ஒரு கரண்டிச் சோறு. ரசத்தை டம்ளரில் குடித்துவிடுகிறேன். மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல். மருந்தை மாற்றவில்லை. ஆறு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) 8.9 சதவீதத்திலிருந்து 7.4க்கு வந்திருக்கிறது.

குமரிக்கடல்:
ஐயா, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் எதை வைப்பது? சுண்டல் எல்லோருக்கும் செரிப்பதில்லை. ஒரு துண்டு மீன் கையளவுப் பருப்பைவிட அதிகப் புரதம் தரும். அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையினரிடம் நடந்த பெரிய ஆய்விலும் (2013) சைவத்தோடு மீன் மட்டும் சேர்த்துக்கொண்டவர்களிடம் இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்தது. நான் கேட்பது அந்த ஒரு துண்டு மீனைத்தான்.

அம்மாவின் தட்டைப் பற்றி அக்கா எழுதியது மனதைத் தைத்தது. எங்கள் வீட்டில் நேற்று நான்தான் பரிமாறினேன்.

அப்பா மீன் சாப்பிட மாட்டார், நானும் வற்புறுத்தப் போவதில்லை. தயிர் மட்டும் கொஞ்சம் ஏற்றுக்கொள்கிறது. அது போதுமா அக்கா?

வைகைக்கரையாள்:
தயிரில் பி12 இருக்கிறது, கொடுங்கள். ஆனால் நரம்பு வரை போன குறைவுக்கு அது போதாது. மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை ஊசியை விடாதீர்கள். தினமும் இரவில் அப்பாவின் உள்ளங்காலைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். மரத்த காலில் முள் தைத்தாலும் அவருக்குத் தெரியாது.