ஹந்த்ரின் மலை, மே 1966: மனசை விட்டுப் போகாத இடம் எது?

பதிவு:
வட இராக்குல இராக் படைக்கும் குர்து கிளர்ச்சிக்காரங்களுக்கும் நடந்த போர்ல ஒரு சண்டை இது. பின்னணி இங்கே எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். மே 11. ஹந்த்ரின், ஸோஸிக் ரெண்டு மலைக்கும் நடுவுல இராக் ராணுவத்தின் 4-வது பிரிகேட் (படைப்பிரிவு). குறி, ஹாமில்டன் சாலையில ரவாண்டூஸ் ஊரிலிருந்து ஈரான் எல்லையில இருக்கிற ஹாஜி ஓம்ரான் வரைக்கும் உள்ள பகுதி. அது இராக் கைக்குப் போனா குர்து தலைவர் முல்லா முஸ்தபா பர்ஸானியின் பகுதி ரெண்டா உடையும், ஈரான் வழியா வர்ற பொருள் வரத்தும் நிக்கும். இராக் படைகிட்ட பீரங்கி, விமானம் எல்லாம் இருந்தும் குர்து தளபதி ஃபாகிர் மெர்கசோரியின் ஆட்கள் மேலேயிருந்து சுட ஆரம்பிச்ச அந்த நேரம்தான் உறுத்திக்கிட்டே இருக்கு. மறுநாளுக்குள்ள பிரிகேட் சிதறிப்போச்சு.

மறுமொழி 1:
மெர்கசோரி பேரை மட்டும் சொல்லி முடிச்சுட்டீங்களே அண்ணா. இராக் கம்யூனிஸ்ட் கட்சியின் பெஷ்மெர்காக்களும் (குர்து பக்கம் நின்ன போராளிகள்) அங்கே நின்னு சண்டை போட்டாங்க. அவங்களை விட்டுட்டு ஹந்த்ரின் கதையைச் சொல்லவே கூடாது. இஸ்ரேல் அதிகாரி சூரி சகிதான் திட்டம் போட்டார்னு எழுதுறவங்களும் உண்டு. ஆலோசனை யார் சொன்னாலும் பாறை இடுக்குல துப்பாக்கியோட கிடந்தது குர்துகள்தான்.

மறுமொழி 2:
"பீரங்கி இருந்தும்"னு வியக்க ஒண்ணுமில்லை. தாழ்வான கோணத்துல சுட்ட பீரங்கிக் குண்டு நீளமா போகும். முகட்டுக்குப் பின்சரிவுல பதுங்கினவன் மேல விழுறது கஷ்டம். மோர்ட்டார்ங்கிற குட்டைக் குழல் ஆயுதத்தோட குண்டு கிட்டத்தட்ட செங்குத்தா ஏறி இறங்கும், அதுக்குத்தான் மலையில மதிப்பு. ரெண்டு தரப்பும் நெருங்கிட்டா விமானமும் குண்டு போட முடியாது, சொந்த ஆள் மேலயே விழும்.

இந்தச் சண்டையைப் படிக்கிறவங்க முதல்ல சமஉயரக் கோடு (ஒரே உயரத்துல இருக்கிற இடங்களை இணைக்கிற கோடு) போட்ட வரைபடத்தை எடுங்க. சாலையைச் சிவப்புல வரைஞ்சுக்குங்க. எந்தெந்த முகட்டிலிருந்து சாலை தெரியுதுன்னு ஒவ்வொண்ணா குறிங்க. ஒரு பக்க முகட்டை மட்டும் பிடிச்சா எதிர்ப்பக்கத்திலிருந்து அடி விழும். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கணும். அப்புறம் தண்ணி. மேலே ஊற்று இல்லேன்னா குடிநீர், தோட்டா, காயம்பட்டவங்க எல்லாமே கோவேறு கழுதைப் பாதையிலதான் ஏறி இறங்கணும். அந்தப் பாதையை ஒரே ஒரு இயந்திரத் துப்பாக்கி மறிச்சாப் போதும், மேலே எத்தனை பேர் இருந்தும் பயனில்லை.

மறுமொழி 3:
இழப்புக் கணக்குல ரெண்டு தரப்பும் ஒத்துப்போகலை, அதுல இறங்க வேண்டாம். விளைவைப் பாருங்க: ஜூன் 29 அன்னைக்கே இராக் பிரதமர் பஸ்ஸாஸ் குர்துகளோட சமாதானத்துக்கு 12 அம்சத் திட்டத்தை அறிவிச்சார். குர்து மொழிக்கு இடம், நிர்வாகப் பரவலாக்கம் எல்லாம் அதுல இருந்துச்சு. ஆகஸ்டுல அவரே பதவி விலகினார். திட்டம் முழுசா நடைமுறைக்கு வரவே இல்லை.