செஞ்சிக் கோட்டை ஏற வெயில் தொப்பி: மங்கு உள்ள முகத்துக்கு எது சரிப்படும்?

விழுப்புரம் டீச்சர்:

வணக்கம். அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன், வயது 46. வருடத்துக்கு மூன்று நான்கு முறை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் செஞ்சிக்குக் கூட்டிப்போய் ராஜகிரி உச்சி வரை ஏற்றி இறக்குவேன். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் வந்ததிலிருந்து, "எங்களை எப்போ கூட்டிட்டுப் போவீங்க மிஸ்" என்று ஆறாம் வகுப்பும் கேட்கிறது. ராஜகிரி 800 அடி உயரம்தான். கீழே கொஞ்சம் மரநிழல் உண்டு. மேலே போகப் போகப் பாறையும் மதிலும்தான், நிழல் கிடையாது. பத்து மணிக்கே கல் சூடேறிவிடும்.

மூன்று வருடமாக எனக்கு இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு, அதாவது கருந்திட்டு. களிம்பு போட்டால் குறைகிறது, ஒரு தடவை கோட்டைக்குப் போய்வந்தால் பழையபடி கருத்துவிடுகிறது. தோல் மருத்துவர், "மலையை விடச் சொல்லவில்லை, தலையில் ஒழுங்காக ஒன்றைப் போடுங்கள்" என்றார். அந்த 'ஒழுங்கான ஒன்று' எது என்பதுதான் என் கேள்வி.

இதுவரை செய்து பார்த்தவை: கிரிக்கெட் தொப்பி போட்டேன். நெற்றி தப்பியது, காதும் கன்னத்தின் பக்கவாட்டும் தப்பவில்லை. தங்கையின் வைக்கோல் தொப்பியைக் கேட்டு வாங்கினேன், பின்னல் இடுக்குகள் வழியாக முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வெயில் விழுகிறது என்று பிள்ளைகளே சொன்னார்கள். குடை பிடித்தேன். உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பிளவின் மேல் சின்னப் பாலம் இருக்கிறதே, அங்கே அடித்த காற்றில் குடை மேல்பக்கமாக மடங்கிவிட்டது. ஒரு கை குடைக்கு, ஒரு கை பிள்ளைக்கு என்றால் கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லை. அன்றோடு குடையை விட்டேன்.

தொப்பியின் விளிம்பு எத்தனை அகலம் வேண்டும்? துணி எவ்வளவு வெயிலைத் தடுக்கும் என்பதற்கு யூபிஎஃப் 50+ என்று சீட்டில் போட்டிருப்பதை நம்பலாமா? எனக்குக் கொண்டை உண்டு, கண்ணாடியும் உண்டு. 40 பிள்ளைகளைத் திரும்பித் திரும்பி எண்ண வேண்டும், அதனால் பக்கத்துப் பார்வை மறையக் கூடாது. 1,500 ரூபாய் வரை கொடுக்கலாம்.

---

கோவை மலைநடை:

டீச்சர், கடைக்குப் போகும்போது கைப்பையில் ஒரு இன்ச் டேப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் அளவு உங்கள் தலை. புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலே, பின்மண்டையின் மேடு வழியாகச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். 'ஒரே சைஸ் எல்லோருக்கும்' என்று விற்பதை வாங்கினால் இறக்கத்தில் கண்ணை மறைக்கும், இல்லையென்றால் நெற்றியை இறுக்கித் தலைவலி தரும்.

இரண்டாவது அளவு விளிம்பு. தோல் புற்றுநோயால் மிகவும் பாதிக்கப்பட்ட நாடு ஆஸ்திரேலியா. அங்கே பெரியவர்களுக்கு அகன்ற விளிம்புத் தொப்பி என்றால் குறைந்தது 7.5 செ.மீ. என்கிறார்கள். வாளி கவிழ்த்த மாதிரி இருக்கும் தொப்பிக்கு, விளிம்பு சரிந்து இறங்க வேண்டும், குறைந்தது 6 செ.மீ. உங்களுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்பதால் நான் 7.5-லிருந்து 8 என்பேன். 10 செ.மீ. விளிம்பு அழகாக நிழல் தரும், ஆனால் செங்குத்தான படியில் ஏறும்போது மேல்படியே தெரியாது. எனக்கு வெள்ளியங்கிரியில் அப்படி நெற்றி பாறையில் இடித்திருக்கிறது.

யூபிஎஃப் விஷயம். 50 என்றால் துணியின் மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் உள்ளே வரும் என்று அர்த்தம். அது துணிக்குக் கொடுத்த மதிப்பெண், நிழலுக்கு இல்லை. காதை மூடாத கிரிக்கெட் தொப்பியும் அதே துணியில் தைத்தால் அதே 50 வாங்கிவிடும். எனவே சீட்டைப் பிறகு பாருங்கள், விளிம்பை முதலில் பாருங்கள். மெல்லிய வெள்ளைப் பருத்தி இந்தக் கணக்கில் மிகக் கீழே நிற்கும், நனைந்தால் இன்னும் கீழே போகும். நெருக்கமாக நெய்த நைலான், பாலியஸ்டர் பரவாயில்லை, சீக்கிரம் காயும்.

விளிம்பின் அடிப்பக்கம் கருப்பு, கரும்பச்சை, கருநீலம் ஏதாவது ஒன்றாக இருக்கட்டும். பாறையிலிருந்து எகிறும் வெளிச்சம் வெளிர் நிற அடிப்பக்கத்தில் பட்டு மறுபடி முகத்துக்கே திரும்பும்.

அப்புறம் கயிறு. தாடைக்கு ஒன்று மட்டும் இருந்தால் காற்றில் தொப்பி முதுகுக்குப் போய்க் கழுத்தை இழுக்கும். பின்தலைக்கும் ஒரு கயிறு இருப்பதைத் தேடுங்கள்.

கடையிலேயே கண்ணாடியோடு, கொண்டையோடு போட்டுப் பாருங்கள். குனியுங்கள், தலையை ஆட்டுங்கள், மாடிப்படியைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பாருங்கள். முதுகுப்பை மாட்டுவீர்கள் என்றால் அதையும் மாட்டிப் பாருங்கள். பின்விளிம்பு பையில் முட்டி முன்பக்கம் கண்ணுக்கு இறங்குகிறதா என்பதைப் பெரும்பாலானவர்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

குளிர்ந்த மலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கொடைக்கானலில் வெயில் சுடவில்லை என்று தொப்பியைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள்.

---

சேலத்திலிருந்து, மங்கோடு பத்து வருடம்:

அக்கா, மேலே சொன்னது எல்லாம் சரி. மங்குக்கு மட்டும் இன்னொரு சங்கதி இருக்கு, எனக்கு அதை யாரும் சொல்லாததால இரண்டு வருஷம் வீணாப்போச்சு. மங்கைக் கருக்க வைக்கிறது புற ஊதாக் கதிர் மட்டும் இல்ல. கண்ணுக்குத் தெரியுற சாதாரண வெளிச்சமும் நம்மளை மாதிரி மாநிறத் தோலைக் கருக்க வைக்கும். யூபிஎஃப் எண் புற ஊதாக் கதிரை மட்டும்தான் அளக்குது.

அதனால நான் கடையில செல்போன் டார்ச்சை விளிம்புக்கு மேல வச்சு, அடியில இருந்து பார்ப்பேன். துணி வழியா வெளிச்சம் பளிச்சுனு தெரிஞ்சா வேண்டாம்னு வச்சிடுவேன். தலைப்பகுதியில காத்துக்கு வலைத்துணி இருக்கலாம், அங்க முடி இருக்கு. விளிம்புல வலை கூடாது.

தொப்பி போட்டாச்சுன்னு சன்ஸ்கிரீனை விட்டுடாதீங்க அக்கா. கீழயிருந்து வர்ற வெளிச்சத்தை எந்தத் தொப்பியும் நிறுத்தாது. இரும்பு ஆக்சைடு சேர்த்த, லேசா தோல் நிறத்துல இருக்கிற சன்ஸ்கிரீன் பத்தி உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. அந்த நிறம்தான் சாதாரண வெளிச்சத்தையும் தடுக்குது. வெள்ளையா தடவுறதுல பெரும்பாலும் அது இருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பத் தடவணும், வியர்வை துடைச்சா உடனே தடவணும்.

நேரத்துக்கு வாட்ச் பார்க்க வேண்டியதில்ல. நம்ம நிழல் நம்மளை விடக் குட்டையா ஆயிட்டா வெயில் கடுமைன்னு அர்த்தம். பிள்ளைங்களுக்கும் அது பாடமா இருக்கும்.

---

தூத்துக்குடி:

டீச்சரம்மா, எங்க அம்மா முப்பது வருசம் உப்பளத்துல வேலை பாத்தவ. அளத்துல வெயில் மேல இருந்து மட்டும் வராது. பாத்தி முழுக்க வெள்ளை வெளேர்னு உப்பு, கீழ இருந்துதான் கண்ணைக் குத்தும். தொப்பி போட்டு வாருபலகை இழுக்க முடியாதுன்னு அம்மா ஒரு துண்டைத் தலையோட சேத்து, காதை மூடி, கன்னத்தைச் சுத்தித் தாடைக்குக் கீழ கொண்டுவந்து கட்டிக்குவா. சேலைக்கு மேல அப்பாவோட முழுக்கைச் சட்டை. அளத்துக்குப் போற பொம்பளையாளுக நிறையப் பேரு அப்படித்தான். அம்மாவுக்குக் கட்டுக்குள்ள இருந்த கன்னம் ஒரு நிறம், மூக்கு ஒரு நிறம்.

தொப்பி வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா தொப்பிக்கு அடியில ஒரு அடர்த்தியான கைத்தறித் துண்டை அப்படிக் கட்டிப் பாருங்க. பக்கவாட்டு வெயிலும் கீழ்வெளிச்சமும் கன்னத்துல படாது. பின்விளிம்பு பையில முட்டுனா அதை மேல மடிச்சுவிட்டுடலாம், கழுத்தைத் துண்டு பாத்துக்கும். நனைச்சுக் கட்டாதீங்க, அம்மா எப்பவும் காஞ்ச துண்டுதான் கட்டுவா. ஈரத்துணி வழியா வெயில் இறங்கும்னு அவ சொன்னதைத்தான் மேல கோவைக்காரரும் சொல்லியிருக்காரு.

---

விழுப்புரம் டீச்சர்:

மூன்று பேருக்கும் நன்றி. தம்பி, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை என் வகுப்பில் படித்துக் காட்டினேன், தவறாக நினைக்க வேண்டாம்.

போன சனிக்கிழமை புதுச்சேரியில் நான்கு கடை ஏறினேன். என் தலை 56 செ.மீ. டார்ச் வைத்துப் பார்த்ததில் யூபிஎஃப் 50+ என்று சீட்டு தொங்கிய ஒரு இளமஞ்சள் தொப்பியில் வெளிச்சம் விளக்குபோலத் தெரிந்தது, வைத்துவிட்டேன். கடைசியில் எடுத்தது காக்கி நிற நைலான், விளிம்பின் அடிப்பக்கம் கரும்பச்சை, முன்பக்கம் 8 செ.மீ., பின்பக்கம் கொஞ்சம் குறுகல். இரண்டு கயிறு. கொண்டைக்குப் பின்னால் ஒரு பிளவு வைத்துத் தைத்திருக்கிறார்கள். விலை 1,150.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இல்லாமல் அண்ணனோடு மட்டும் ராஜகிரி ஏறினேன். ஏழே காலுக்குக் கல்யாண மகால் பக்கம் கிளம்பி, ஒன்பது மணிக்கு உச்சி.

நல்லது: நெற்றி, மேலுதடு, மூக்கு மூன்றிலும் நிழல் நின்றது. ஏறும் வழியெல்லாம் அண்ணன் என் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டே வந்தார், அதில் நிழலின் கோடு தாடை வரை தெரிகிறது. பாலத்தில் காற்று அடித்தபோது தொப்பி எழும்பியது, பறக்கவில்லை. பின்கயிறு இல்லாவிட்டால் பிளவுக்குள் போயிருக்கும். பக்கத்துப் பார்வையும் மறையவில்லை, தலையை லேசாகத் திருப்பினாலே போதும்.

குறை: சூரியன் ஒரு பக்கமாக இருந்த முதல் முக்கால் மணி நேரம் இடது கன்னத்தில் வெயில் நேராகப் பட்டது. காலை வெயில் சரிந்து வரும்போது 8 செ.மீ. விளிம்பால் ஒன்றும் செய்ய முடியாது என்பது எனக்குப் புதிய பாடம். சீக்கிரம் ஏறினால் வெயில் குறைவு என்பது உண்மை, ஆனால் அந்தக் குறைந்த வெயில் விளிம்புக்கு அடியில் நுழைந்து வருகிறது. அங்கேதான் தூத்துக்குடித் துண்டு உதவியது. முதல் மண்டபத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டேன். சென்னிமலைத் துண்டு, அடர்த்தியான நெசவு. கட்டிய பிறகு காது கேட்பது கொஞ்சம் மந்தமாகிறது. பிள்ளைகளோடு வரும்போது அவர்கள் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று, வெயில் மேலே ஏறியதும் அவிழ்த்துக் கழுத்துக்கு மட்டும் விட்டுப் பார்த்தேன்.

இன்னொரு குறை வியர்வைப் பட்டை. ஒரு மணி நேரத்தில் நனைந்து நெற்றியில் இருந்த சன்ஸ்கிரீனை எல்லாம் வழித்துவிட்டது. பட்டைக்குள் ஒரு கைக்குட்டையை நீளமாக மடித்து வைத்ததும் சரியாயிற்று. வீட்டுக்கு வந்து வாளியில் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டேன், உப்புக்கோடு போய்விட்டது, விளிம்பு நெளியவில்லை.

செஞ்சிக்குப் போகிறவர்களுக்கு: கயிற்றை அவிழ்த்துத் தொப்பியைப் பக்கத்தில் வைத்து உட்காராதீர்கள். கோட்டைக் குரங்குகள் பார்த்துக்கொண்டே இருக்கும். களஞ்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணியின் தொப்பி மதில்மேல் போய்விட்டது, திரும்ப வரவில்லை.

பிள்ளைகளைப் பற்றி யோசிக்கிறேன். 40 பேரில் இரண்டு பேர்தான் தொப்பியோடு வருவார்கள், மற்றவர்கள் வெறுந்தலை. எல்லோருக்கும் 1,150 ரூபாய்த் தொப்பி வாங்க முடியாது, ஆனால் துண்டு எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. தம்பி, உங்கள் அம்மா துண்டு கட்டும் முறையை ஒரு படமாகவோ படிப்படியாகவோ எழுதி அனுப்ப முடியுமா? முடிச்சு தாடைக்குக் கீழே வருமா, பின்கழுத்தில் வருமா? நான் கட்டியது இரண்டு முறை அவிழ்ந்துவிட்டது. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிப்போகிறேன், அதற்குள் கற்றுக்கொண்டால் அவர்களுக்கும் கட்டிவிடுவேன்.