புதுப்பிப்பு: கீழக்கரை 'செய்கு அப்துல் காதிர்' யார் என்று தெரிந்துவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. வாப்பா வைத்திருந்த அரபுத்தமிழ்க் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) கையெழுத்துப் பிரதியின் அட்டையில் இந்தப் பெயர் இருந்தது. 17ஆம் நூற்றாண்டு வள்ளல் சீதக்காதியா, பின்னால் வந்த மார்க்க அறிஞர் தைக்கா சாகிபா என்று கேட்டிருந்தேன். இருவருக்கும் அதே பெயர், அதே ஊர்.

"அட்டையை விடுங்கள், கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்" என்றவரின் யோசனைதான் கைகொடுத்தது. பூச்சி அரித்த ஓரத்தில் ஹிஜ்ரி 1290, அதாவது 1873-74. 'எழுதி முடித்தது' என்று அதே பெயர், கூடவே தகப்பனார் பெயரும். ஆக, இவர் அந்த இருவரும் இல்லை, பிரதி எடுத்து எழுதிய வேறொரு ஆள்! எதிர்பார்க்கவே இல்லை.

அப்புறம், நூலாசிரியர் பெயர் முதல் பக்கத் துதிக்குக் கீழே இருந்தது: தைக்கா சாகிபின் மருமகன் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898). கையெழுத்துப் பிரதிப் பட்டியல்களில் இப்படிப் பெயர் தேடுபவர்கள் பட்டப்பெயரையும் தகப்பனார் பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.