மூழ்கிய கப்பல் டைவிங்: ஓசூரிலிருந்து ரெண்டு சந்தேகம்

கேள்வி: புதுச்சேரியில ரெண்டு டைவ் பழகிட்டு அன்னிக்கே காரில் ஓசூர் திரும்பலாமா? அடுத்து ஃப்ளோரிடாவின் ஸ்பீகல் குரோவ்ங்கிற மூழ்கிய கப்பல். அதுக்கு டைவிங்கின் முதல்நிலைச் சான்றான ஓபன் வாட்டர் கார்டு போதுமா?

பதில் 1: பத்தாது அண்ணா. 2002ல செயற்கைப் பாறைத்திட்டு (ரீஃப்) ஆகணும்னே மூழ்கடிச்ச 155 மீட்டர் கப்பல் அது. மேல்பகுதியே 18 மீட்டருக்குப் பக்கம்; உங்க வரம்பு அங்கேயே முடியுது. அடுத்த நிலையான அட்வான்ஸ்டு கார்டுன்னா 30. உள்ளே நுழையத் தனிப் பயிற்சி.

பதில் 2: உள்ளே போறதா இருந்தா, சிலிண்டர் காத்துல மூணுல ஒரு பங்கு போக, ஒண்ணு வர, ஒண்ணு அவசரத்துக்கு. 200 பார் (காத்தழுத்த அளவு) இருந்தா 180ன்னு வெச்சு பங்கு போடுங்க, ஒரு பங்கு 60; அதனால 140ல திரும்பிடுங்க. காலை மேலும் கீழும் அடிச்சா வண்டல் கிளம்பி வாசலே தெரியாது. தவளை உதைதான் சரி. திரும்ப வழி காட்டுற ரீல் கயிறை வெளியிலேயே கட்டிட்டு நுழையணும்.

பதில் 3: காரை யாருமே தொடலையே! ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல. டைவுக்கப்புறம் விமானம் ஏறக் காத்திருக்கிற கணக்குதான் இதுக்கும்: ஒரு டைவுக்கு 12 மணி நேரம், ரெண்டுன்னா 18. அதுக்கு முன்னாடியே உயரத்துக்கு ஏறினா உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் குமிழாகும். ராத்திரி பாண்டியிலேயே தங்கிடுங்க.