இங்கிலாந்தில் ப்ளூ பேட்ஜும் மோட்டபிலிட்டி காரும்: யாருக்கு உரிமை, எது முறைகேடு

கேள்வி

வணக்கம். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் லெஸ்டருக்கு வந்திருக்கிறோம். மனைவிக்குச் சிறு வயதில் போலியோ வந்து வலது கால் பலவீனம். காலிப்பர் போட்டுத்தான் நடக்கிறார். ஊரில் எடுத்த யுடிஐடி அட்டை (இந்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருக்கிறது. இங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டையான ப்ளூ பேட்ஜ் கேட்கலாமா? மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கமே கார் கொடுக்கிறது என்கிறார்கள், அது எங்களுக்குக் கிடைக்குமா? கேட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில் 1

பேட்ஜ் தாராளமாகக் கேட்கலாம். கார் திட்டம் இப்போதைக்கு உங்களுக்குக் கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நம்மவர்களில் பலர் உரிமையுள்ள பேட்ஜைக்கூடக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கார் குத்தகைத் திட்டத்தின் பெயர் மோட்டபிலிட்டி. அதற்கு அடிப்படை, பிப் என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகையில் நடமாட்டப் பகுதியின் உயர் விகிதம். குடிவரவு விதிகளில் 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்று அரசு உதவிகளின் பட்டியல் ஒன்று உண்டு. பிப் அதில் இருக்கிறது. உங்கள் ஈவிசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' (அந்த உதவிகளைப் பெறக் கூடாது) என்று இருந்தால் பிப் வாங்குவது விசா நிபந்தனையை மீறுவது. நிரந்தர வசிப்புரிமை (ஐஎல்ஆர்) கிடைத்த பிறகு விண்ணப்பிக்கலாம். அப்போதும் கடந்த 3 ஆண்டுகளில் 2 ஆண்டுகளாவது பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு அந்த 2 ஆண்டுக் கணக்கு கிடையாது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ப்ளூ பேட்ஜ் அந்தப் பட்டியலில் இல்லை. அது கவுன்சில் தரும் பார்க்கிங் சலுகை மட்டுமே. அந்தக் கவுன்சில் பகுதியில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். (விசிட் விசாவில் வரும் பெற்றோருக்கு அதனால்தான் கிடைப்பதில்லை.)

விண்ணப்பம் அரசின் இணையதளத்திலேயே. இங்கிலாந்தில் கட்டணம் 10 பவுண்டு வரை, ஸ்காட்லாந்தில் 20 வரை, வேல்ஸில் இலவசம். பேட்ஜ் 3 ஆண்டு வரை செல்லும். முடிவு வர 12 வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். பிப் இல்லாததால் மனைவிக்குத் தானாகத் தகுதி வராது. கவுன்சில் மதிப்பீடு செய்யும். பெரும்பாலும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டோ பிசியோவோ நடையைப் பார்ப்பார்.

யுடிஐடியில் எழுதியிருக்கும் சதவீதத்தை இங்கே யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அவர்கள் கேட்பது நடையைப் பற்றி: எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம், எத்தனை முறை நின்று, எங்கே வலி, என்ன துணைக்கருவி. விண்ணப்பம் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "நடப்பார், கொஞ்சம் சிரமம்" என்று அடக்கமாக எழுதி அனுப்பினால் நிராகரிப்புதான் வரும். வலி, மூச்சிரைப்பு இல்லாமல் 80 மீட்டருக்கு மேல் நடப்பவருக்கு வேறு காரணம் இல்லாவிட்டால் கொடுப்பதில்லை. ஆகவே தெருவில் உண்மையாக அளந்து பாருங்கள். முதல் முறை எந்த இடத்தில் நிற்கிறார், எவ்வளவு நேரம் கழித்து மறுபடி நடக்கிறார், ஈரமான நடைபாதையில் காலிப்பர் வழுக்குகிறதா, விழுந்திருக்கிறாரா, மறுநாள் இடுப்பு வலிக்கிறதா, எல்லாவற்றையும் எழுதுங்கள். நல்ல நாளை எழுதாதீர்கள். வழக்கமான நாளை எழுதுங்கள். கூட்டியும் எழுத வேண்டாம், மதிப்பீட்டுக்கு வரும்போது கார் நிறுத்தும் இடத்திலிருந்தே நடையைக் கவனிப்பார்கள்.

சேர்க்க வேண்டியவை: பாஸ்போர்ட் அளவுப் படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, இங்கே எலும்பு அல்லது நரம்பு மருத்துவரோ காலிப்பர் போன்ற கருவிகளைப் பொருத்தும் ஆர்த்தோட்டிக்ஸ் பிரிவோ தந்த கடிதம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, அந்தக் காரணத்துக்கு நேரான புதிய ஆதாரத்தோடு மறுபரிசீலனை கோருங்கள்.

பதில் 2

மேலே சொன்ன அண்ணாவின் பதிலோடு வண்டி ஓட்டும் பக்கத்தைச் சேர்க்கிறேன். வலது கால் பலவீனம் என்கிறீர்கள். இடது கால் ஆக்சிலரேட்டர் பொருத்திய ஆட்டோமேட்டிக் காரோ கைக் கட்டுப்பாடோ போதும். மோட்டபிலிட்டி இல்லாமல் சொந்தக் காரிலேயே பொருத்தலாம். மாற்றுத்திறனாளி தன் பயன்பாட்டுக்காகச் செய்யும் அந்த மாற்றத்துக்கு வாட் வரி இல்லை. பொருத்துபவர் தரும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், பில் போட்ட பிறகு கேட்டால் இழுபறி ஆகும். கால் பலவீனத்தை ஓட்டுநர் உரிமத் துறையான டிவிஎல்ஏவுக்குத் தெரிவிப்பது கட்டாயம். எந்தக் கருவி பொருந்தும் என்று 'டிரைவிங் மொபிலிட்டி' மையங்களில் ஓட்டிப் பார்த்துச் சொல்வார்கள். இந்திய லைசென்ஸ் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும்.

பேட்ஜ் வந்த பிறகு: அது ஆளுக்கு உரியது, காருக்கு அல்ல. ஊபரிலும் நண்பர் காரிலும் பயன்படும். டாஷ்போர்டில் சக்கர நாற்காலிச் சின்னமும் காலாவதித் தேதியும் வெளியே தெரிய வேண்டும். புகைப்படப் பக்கம் கீழே இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தாலும் அபராதச் சீட்டு விழும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒற்றை, இரட்டை மஞ்சள் கோட்டில் 3 மணி நேரம் நிறுத்தலாம். கூடவே வரும் நீலக் கடிகாரத்தில் வந்த நேரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். நடைபாதை ஓரக் கல்லில் குறுக்கே மஞ்சள் கோடுகள் இருந்தால் அது சரக்கு இறக்கவும் தடை. அந்தத் தடை நேரத்தில் பேட்ஜும் செல்லாது. சிவப்புக் கோடு, ஜிக்ஜாக், இயங்கும் நேரத்தில் பஸ் லேன் ஆகியவையும் அப்படியே.

லண்டன் மையம் தனி உலகம். வெஸ்ட்மின்ஸ்டர், சிட்டி, கென்சிங்டன் அண்ட் செல்சி, கேம்டனின் ஒரு பகுதி ஆகிய இடங்களில் தேசிய விதி முழுதாக நடப்பதில்லை. மையத்துக்குள் ஓட்டக் கட்டும் கன்ஜெஷன் சார்ஜிலிருந்து விலக்கும் தானாக வராது, லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்லில் பதிய வேண்டும். பேட்ஜ் இருப்பதால், புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணம் போய்விடாது. சூப்பர்மார்க்கெட், தனியார் கார் பார்க்கில் போர்டைப் படியுங்கள். பணம் கட்டச் சொன்னால் பேட்ஜ் இருந்தாலும் கட்ட வேண்டும்.

கேள்வி

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். மனைவிக்கு மருந்து வாங்க நான் மட்டும் போனால் பேட்ஜைப் போடலாமா? அவருக்காகத்தானே போகிறேன்.

பதில் 3

கூடாது. அன்பினால் செய்தாலும் அது முறைகேடு. அவரை இறக்கிவிட, ஏற்றிக்கொள்ள என்றால் போடலாம். அவர் அந்தப் பயணத்திலேயே இல்லை என்றால் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அவரைக் காரில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் கடைத்தெருவில் காய்கறி வாங்கப் போவதும் தவறுதான். பேட்ஜ் நடக்க முடியாதவரின் தூரத்தைக் குறைக்க இருக்கிறது. இறங்காதவருக்குக் குறைக்க தூரமே இல்லை. அந்த நேரத்தில் சக்கர நாற்காலியோடு வந்த ஒருவர் கதவை முழுதாகத் திறக்க இடமில்லாமல் திரும்பிப் போகிறார். அகலமான அந்த இடம் வேறு எங்கும் கிடைக்காது.

தண்டனை 1,000 பவுண்டு வரை அபராதம், அதோடு பார்க்கிங் அபராதம் தனி. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கவுன்சில் அதிகாரி போலீஸ் இல்லாமலே பேட்ஜைக் கேட்டுப் பார்க்கலாம், பறிமுதல் செய்யலாம். உங்கள் தவறால் மனைவியின் பேட்ஜ் போகும். கலர் ஜெராக்ஸ் எடுத்து வைப்பது, இறந்தவரின் பேட்ஜை வைத்திருப்பது எல்லாம் மோசடி வழக்கு வரை போகும். உறவினர் இறந்தால் பேட்ஜைக் கவுன்சிலுக்கு அனுப்பிவிட வேண்டும்.

பதில் 4

கார் திட்டத்தில் விதி வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டபிலிட்டி காரை அவருக்கு மருந்து வாங்க, காய்கறி வாங்க நீங்கள் தனியாக எடுத்துப் போகலாம், பயன் அவருக்கு என்பதால். ஆனால் அந்தப் பயணத்தில் பேட்ஜைப் போட முடியாது. அதே காரில் உங்கள் வேலைக்கு மட்டும் தினமும் போய் வந்து அவர் வீட்டிலேயே அடைந்து கிடந்தால் முறைகேடு. டெலிவரி, டாக்ஸி ஓட்டினால் குத்தகையே போய்விடும்.

'இலவச கார்' என்ற பேச்சு நியாயமில்லாதது. பிப் உயர் விகித நடமாட்டத் தொகை 2025-26இல் வாரம் 77.05 பவுண்டு. கார் வேண்டாம் என்பவர் அதைக் கையில் வாங்குகிறார். வேண்டும் என்பவர் அதை வாடகையாகக் கொடுத்துவிடுகிறார். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், பிரேக்டவுன் அதில் அடக்கம். பெரிய கார் கேட்டால் முன்பணம் சொந்தப் பணம். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் போன்றவை 2025 நவம்பரில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. முன்பணத்துக்கு வாட் வரி, குத்தகைக்கு இன்ஷூரன்ஸ் வரி 2026 ஜூலையிலிருந்து என்று பட்ஜெட் அறிவித்தது. சக்கர நாற்காலியோடு ஏறும் வாகனங்களுக்கு விலக்கு.

புள்ளிக் கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள். பிப் மதிப்பீட்டில் நடக்கும் திறனைப் பார்க்கும் 'மூவிங் அரவுண்ட்' பகுதியில் 8 புள்ளி வந்தால் பேட்ஜ் நேராகக் கிடைக்கும். காருக்கு நடமாட்டப் பகுதியில் மொத்தம் 12 வேண்டும். பயணத்தைத் திட்டமிடும் பகுதியில், கடும் மன வேதனைக்கான 10 புள்ளி வந்தவருக்கு இங்கிலாந்தில் பேட்ஜ் தானாக வரும். அதே பகுதியில் 12 வாங்கியவருக்குக் கார் கிடைக்கும், பேட்ஜுக்கோ மதிப்பீடு தேவை. இந்த முரணை அரசு திருத்த வேண்டும். ஆட்டிசம் உள்ள, 16 வயது தாண்டிய பிள்ளைகளின் பெற்றோர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளுக்கும் இங்கிலாந்தில் 2019 ஆகஸ்ட் 30 முதல் பேட்ஜ் உண்டு. இளைஞர் ஒருவர் நேராக நடந்து போகிறார் என்பதால் தட்டிக் கேட்காதீர்கள், படம் பிடித்து வாட்ஸப்பில் போடாதீர்கள். உண்மையான சந்தேகம் இருந்தால் பேட்ஜின் எண், இடம், நேரம் குறித்து அந்தப் பகுதிக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். கார் பற்றியது என்றால் வண்டி எண்ணோடு மோட்டபிலிட்டிக்கு. விசாரிப்பது அவர்கள் வேலை.